கோப்பிலும் இடைச்செருகல்!



சுவடிகளில் இடைச்செருகல் உண்டு என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. தொல்காப்பியத்துள் நூலாசிரியர் உரைத்தவை எவை, பின்வந்தார் நுழைத்தவை எவை என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடி வரும் கூட்டம் நம் கூட்டம். ஒரு நூற்பாவின் நடை சற்றே வேறுபட்டாலும் ஐயுறுகிறோம். ஒரு சொல் தமிழ்போல் தோன்றினும் வேர் காணாமல் ஏற்க மறுக்கிறோம். அத்தகைய நாம், நம் மேசைமேலுள்ள கணினிக்குள் ஒரு கோப்பு பிறிதொன்றின் பெயரைத் தாங்கிக் குடியேறினால் அதனை ஆராய்கிறோமா? இல்லை. ஒன்று, அஞ்சி நடுங்குகிறோம். அன்றேல், "அஃதெல்லாம் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் பார்த்துக்கொள்வர்" என்று கையை உதறிவிடுகிறோம். இரண்டுமே அடிமைத்தனம் என்பது என் கருத்து.

சென்ற ஆடித்திங்களில் என் பழைய மாணவர் ஒருவர் சிவகாசியிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அச்சகமொன்றில் பட்டாசுப் பெட்டிகளுக்கான மேற்சீட்டு வரையும் பணி அவர்க்கு. அவ்வூரில் அதனை 'லேபிள்' என்றே வழங்குகின்றனர். நம் சொல் இன்னும் அச்சுப்பொறிவரை சென்று சேரவில்லை. ஆடிப்பெருக்கன்று பட்டாசு விற்பனை தொடங்கிவிடும். அதற்குள் சீட்டுகள் அச்சேறியாக வேண்டும். அந்நேரம் பார்த்துக் கணினி தவழத் தொடங்கிவிட்டது.

"ஐயா, எசுவிசி-ஓசுட்டு என்று ஒரு கோப்பு. ஒரே பெயரில் ஐம்பது அறுபது ஓடுகின்றன. பக்கத்து அச்சகத்து அண்ணன் பார்த்துவிட்டு, எல்லாம் நச்சுநிரல், ஒன்றுவிடாமல் அழித்துவிடு என்கிறார். அழித்துவிடட்டுமா?"

"ஒன்றையும் தொடாதே தம்பி. இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிடு. மாலை வருகிறேன்."

தமிழாசிரியனுக்கும் விண்டோசின் உட்கோப்புக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். பள்ளிக் கணினிகளோடு எனக்குப் பதினைந்தாண்டுப் போராட்டப் பழக்கம் உண்டு, அவ்வளவே. அந்தத் தம்பிக்கு வரைகலை தெரியும், வண்ணம் தெரியும், அச்சின் நுட்பம் தெரியும். திரையில் வரும் ஆங்கில எச்சரிக்கை மட்டும் தெரியாது. அதனால்தான் அவர் முதலிற் பக்கத்து அச்சகத்துக்காரரை நம்பினார்; பிறகு என்னை நம்பினார்.

மேற்சீட்டும் உட்பொருளும் வேறுவேறாக இருக்கக்கூடும் என்பது சிவகாசி வட்டாரத்தார்க்குப் புதிய செய்தியன்று. 2018 அக்டோபர் 23-இல் உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்க்கக்கூடாதெனத் தடுத்தது. அடுத்த ஆண்டு 'பசுமைப் பட்டாசு' வந்தது. பெட்டிமேல் அதற்கென முத்திரையும் கட்டக்குறியீடும் அச்சாயின. 2020-இல் நீதிமன்றம் நடுவண் புலனாய்வுப் பிரிவின் சென்னை அலுவலகத்தை உசாவப் பணித்தது. மேற்சீட்டில் எழுதியது ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று என்னும் நிலை சில இடங்களில் இருந்ததென அதன் அறிக்கையிலிருந்து 2021-இல் தெரியவந்தது. இதைக்கொண்டு தொழிலகங்கள் அனைத்தையும் பழிப்பது என் நோக்கமன்று. தில்லியில் மூச்சு முட்டினால் சாத்தூர்த் தொழிலாளியின் அடுப்பை அவித்துவிடுவர் என்பது தனிக் கட்டுரைக்குரிய வயிற்றெரிச்சல். சீட்டு வரைந்து வாழும் தம்பிக்கே, சீட்டு உட்பொருட்குச் சான்றாகாது என்பது தெரியும். கோப்பின் பெயரும் ஒரு சீட்டே.

நம் தென்பாண்டிச் சீமையிலேயே இதற்குப் பெருஞ்சான்று உண்டு. 2019 (தி.ஆ. 2050) அக்டோபர் 28-ஆம் நாள், 'வைரசுடோட்டல்' என்னும் கோப்பாய்வுத் தளத்தில் ஏற்றப்பட்டிருந்த தீநிரற் படியொன்று பேசுபொருளாயிற்று. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பெயர்க்குறுக்கமே அந்நிரலுக்குள் பொறிக்கப்பட்டிருந்தது. மறுநாள் நிலையத்தார் ஓர் அறிக்கை விடுத்தனர். தங்கள் கட்டுப்பாட்டமைப்புகள் வெளியிணையத்தோடு தொடர்பற்ற தனியமைப்புகள் ஆகலின் இணையவழித் தாக்குதல் இயலாத ஒன்று என்றனர். அதற்கும் மறுநாள், 30-ஆம் நாள், இந்திய அணுமின் கழகம் வாய் திறந்தது: தன் அமைப்பில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே, நடுவணரசின் கணினிக் காப்புக் குழுவாகிய செர்ட்-இன் அதனைச் செப்டம்பர் 4-ஆம் நாளே தெரிவித்தது, அலுவலகப் பணிக்கான, இணையத்தொடர்புள்ள வலையமைப்பிலிருந்த ஒருவரது கணினியில்தான் அது இருந்தது, முகன்மையான உள்வலையமைப்பு அதனின்று பிரிக்கப்பட்டது என்பன அக்கழகத்தின் விளக்கம்.

'இயலாத ஒன்று' என்ற சொல்லுக்கும் 'உண்மையே' என்ற சொல்லுக்கும் இடையில் ஒரே நாள். செய்தியோ எட்டுக் கிழமைக்கு முன்னரே வந்துவிட்டது! அது 'டிடிராக்' எனப்படும் ஒற்று நிரல்களின் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்தை அந்தச் செப்டம்பரில்தான் காசுபர்சுகி நிறுவனம் விளக்கி எழுதியிருந்தது. அழுத்தும் விசைகளைப் பதிந்துகொள்ளும். உலாவிய பக்கங்களைத் திரட்டும். ஓடும் நிரல்களையும் வட்டிலுள்ள கோப்புகளையும் பட்டியலிட்டு அனுப்பும். உலைக்குத் தீங்கில்லை என்று அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொண்டே கேட்கிறேன்: ஆய்ந்து பாராமல் 'இயலாது' என்று முழங்கும் வாயை இடிந்தகரைத் தாய்மார் எங்ஙனம் நம்புவர்? காப்பாய்வு அறிக்கைகளை வெளியிடுங்கள் என்றுதானே அவர்கள் 2011 முதலே கேட்டனர்?

இது ஒருவகைப் பேதைமை. இதற்கு நேர்மாறான பேதைமையும் உண்டு. பக்கத்து அச்சகத்து அண்ணனுடையது அவ்வகை.

2001 மே திங்களில் உலகெங்கும் ஒரு மின்மடல் சுற்றியது. "உன் கணினியில் 'சல்பென்பிகே' என்ற கோப்பு இருக்கிறதா என்று தேடு. இருந்தால் அது நச்சுநிரல். சூன் முதல்நாள் விழித்தெழும். உடனே அழி, நண்பர்க்கெல்லாம் சொல்" என்பது அதன் சாரம். தேடினர், இருந்தது, அழித்தனர். ஏன் இராது? நீண்ட கோப்புப் பெயர்களைக் காத்து மீட்பதற்காக விண்டோசு 98-உடன் மைக்ரோசாப்டே வைத்தனுப்பிய கருவி அது! அடுத்த ஆண்டே இன்னொரு மடல். இம்முறை கரடிக்குட்டிப் படம் பொறித்த ஒரு கோப்பின்மேற் பழி. அதுவும் விண்டோசின் கோப்பே. கரடிப் படத்தைக் கண்டதும் படித்தவரும் நம்பி அழித்தனர். இவ்விரு புரளிகளிலும் நிரல் என்று ஒன்றுமே இல்லை. அச்சத்தை அனுப்பினான், அழிக்கும் வேலையைப் படித்தவன் கையே செய்தது. இன்று புலனக் குழுக்களில் நாள்தோறும் நடப்பதும் இதுவன்றோ?

அறியாத கோப்பெல்லாம் பகைக்கோப்பு ஆகாது. அறியாத சொல்லெல்லாம் வடசொல் ஆகாததுபோல. இதனை நம்மவர்க்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலம், உலகம் முதலியவற்றையே வடசொல்லென்று தள்ளப் பார்த்தவர் உளர். அவற்றுக்குத் தமிழ்வேர் காட்டி மீட்டவர் மொழிஞாயிறு பாவாணர். ஓசையைக் கேட்டுத் தீர்ப்பளித்தவர் சொல்லை இழந்தனர். வேரைத் தோண்டியவர் சொல்லைக் காத்தார்.

எனவே கோப்பையும் தோண்டிப் பார்ப்போம். முதலில் எழுத்தெண்ணிப் படித்தல். எசுவிசி-ஓசுட்டு என்பது ஏழு உரோம எழுத்துகளாலான பெயர். அதில் இரண்டாம் மூன்றாம் எழுத்துகளை இடம் மாற்றி வைத்தாலும், 'ஓ' இருக்குமிடத்திற் சுழியத்தை வைத்தாலும் கண் ஏமாறும். தீயோர் இரண்டையும் செய்திருக்கின்றனர். புள்ளியிடாத ஓலையில், ரகரமும் காலும் ஒரே கோடாய் நின்ற சுவடியில், எகரமோ ஏகாரமோ என்று தடுமாறிப் படித்த முன்னோரின் வழிவந்தவர்க்கு இக்கண் இயல்பாகவே வாய்க்க வேண்டும். பெயரின் வாலையும் பார்க்க வேண்டும். விண்டோசு தானாகவே வாலை மறைத்துக் காட்டும் வழக்கமுடையது. 2000 மே திங்களில் காதல்மடல் என்று வந்து உலகைக் கலக்கிய தீநிரல், எழுத்துக்கோப்பின் வாலை முன்னே காட்டி, இயங்குநிரலின் வாலைப் பின்னே மறைத்துத்தான் நுழைந்தது. வாலைக் காட்டச் சொல்லும் அமைப்பு ஒவ்வொரு கணினியிலும் உண்டு. அதனை இன்றே திருப்பி வையுங்கள்.

அடுத்தது இடம். 'டாசுக் மேனேசர்' என்னும் பணி மேலாளரைத் திறந்து, ஐயுற்ற பெயர்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால், கோப்பிருக்கும் இடத்தைத் திறந்துகாட்டும் கட்டளை வரும். எசுவிசி-ஓசுட்டின் பிறந்தகம் விண்டோசு உறைக்குள் இருக்கும் 'சிசுடம்32'. பழைய முப்பத்திரண்டு துணுக்கு வகையெனின் 'சிசுவாவ்64'. (அறுபத்துநான்கு துணுக்குக் கோப்புகள் முப்பத்திரண்டு என்ற உறையிலும், முப்பத்திரண்டு துணுக்குக் கோப்புகள் அறுபத்துநான்கு என்ற உறையிலும் கிடக்கின்றன. பெயர் சூட்டியவனே குழம்பிய வீடு அது.) பயனரின் பெயருக்குக் கீழுள்ள உறையிலோ, இறக்கிய கோப்புகளுக்கிடையிலோ, 'டெம்ப்' என்னும் எச்சிற்களத்திலோ எசுவிசி-ஓசுட்டு இருந்தால், அரண்மனைக் காவலன் சத்திரத்துத் திண்ணையில் படுத்திருப்பது போல. கேட்டே தீர வேண்டும்.

எண்ணிக்கை கண்டு அஞ்ச வேண்டா. அக்கோப்பின் வேலை விண்டோசின் பின்னணிப் பணிகளுக்கு இடங்கொடுத்து ஓம்புவது. 'பணியோம்பி' என்றே அதனைத் தமிழாக்குவேன். 2017-இல் வந்த விண்டோசு 10 பதிப்பு முதற்கொண்டு, 3.5 கிகாபைட்டுக்கு மேல் நினைவகமுள்ள கணினியில் பெரும்பாலும் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனிப் பணியோம்பி. ஐம்பது ஓடுவது பிழையன்று. அவற்றைக் கொத்தாக அழித்திருந்தால் தம்பியின் கணினி அன்றே படுத்திருக்கும்.

மூன்றாவது கையொப்பம். கோப்பின் பண்புப் பக்கத்தில் எண்ணிமக் கையொப்பம் இருக்கிறதா, மைக்ரோசாப்டின் பெயரில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இங்கே ஒரு நுட்பம். விண்டோசின் மெய்க்கோப்புகள் பலவற்றுக்கு அப்பக்கத்தில் கையொப்பம் தெரியாது. தனிப் பட்டியலொன்றில் அனைத்திற்கும் சேர்த்து ஒப்பமிட்டு வைத்திருப்பர். அதனாற் கையொப்பம் காணாமை மட்டுமே குற்றமாகாது. காணப்படுவதும் முழுச்சான்றன்று. 2010-இல் வெளிப்பட்ட 'சுடக்சுநெட்' என்னும் தீநிரல், தைவான் நாட்டு நிறுவனங்கள் இரண்டின் ஒப்பச்சான்றுகளைக் களவாடிப் பயன்படுத்தியது. முத்திரை மோதிரம் களவுபோனால் அரசன் ஓலையும் பொய்யாகும்.

நான்காவது, எனக்கு மிக விருப்பமானது: படி ஒப்புநோக்கல். சி.வை. தாமோதரனாரும் உ.வே. சாமிநாதரும் ஊரூராய்ச் சுவடி தேடியது எதற்கு? ஒரு படியிலுள்ள பிழையை இன்னொரு படியே காட்டும் என்பதற்கு. கோப்புக்கும் அவ்வாறே. ஒரு கோப்பின் அத்தனை எழுத்தையும் கணித்து, 64 குறிகளாலான ஒரு தொகையெண் ஆக்கலாம். அதற்கான கருவி விண்டோசுக்குள்ளேயே உண்டு. கோப்பில் ஓரெழுத்து மாறினும் அவ்வெண் அடியோடு மாறும். அவ்வெண்ணை மட்டும் மேற்சொன்ன வைரசுடோட்டல் தளத்தில் இட்டால், அதே கோப்பு முன்பே அங்கு வந்திருப்பின், எழுபதுக்கு அண்மையான காப்புநிரல்கள் அதனைப் பற்றி என்ன சொல்கின்றன என்று காட்டும். 2004-இல் எசுப்பானியத்தில் தொடங்கி, 2012 முதல் கூகுளின் உடைமையாயிருக்கும் தளம் அது. எழுபதில் ஒன்றிரண்டு மட்டும் குறை கூறினால் அது பொய்க்கூச்சலாகவும் இருக்கலாம். ஒன்றுமே கூறாவிட்டாலும், நேற்றுப் பிறந்த தீநிரலை அவை இன்னும் அறியாதிருக்கலாம். ஒன்றை மறவாதீர்: எண்ணை இடுவது வேறு, கோப்பையே ஏற்றுவது வேறு. ஏற்றிய கோப்பைப் பணங்கட்டிய பிறர் இறக்கிப் பார்க்க இயலும். வினாத்தாளையோ வாடிக்கையாளர் சீட்டையோ அங்கே ஏற்றிவிடாதீர்.

இவை நான்கும் பொருந்தியும் கேடு வரலாமா? வரலாம். 2024 சூலை 19-இல் கிரௌடுசுட்ரைக் என்னும் காப்பு நிறுவனமே அனுப்பிய பிழைக்கோப்பு ஒன்று, முறையான இடத்தில் முறையாகவே அமர்ந்து, மைக்ரோசாப்டின் கணக்குப்படி 85 இலக்கம் விண்டோசுக் கணினிகளை வீழ்த்தியது. இந்திய வானூர்தி நிலையங்களிற் பயணச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அன்று அக்கோப்பை அழிப்பதே தீர்வாயிற்று. ஆனால் அழிக்கச் சொன்னது அந்நிறுவனம். பக்கத்து அச்சகத்து அண்ணனல்லர்.

சிவகாசிக் கதைக்கு வருவோம். மாலையில் தம்பியும் நானும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஒன்றைத் தவிர எல்லாம் சிசுடம்32-இல் இருந்தன. அந்த ஒன்று மட்டும் தம்பியின் பெயரிலமைந்த உறைக்குள், நான்கு படி ஆழத்தில். பெயரில் 'ஓ'வுக்கு மாற்றாகச் சுழியம். கையொப்பமில்லை. தொகையெண்ணை என் கைப்பேசி வழியே தேடினோம். நாற்பதுக்கு மேற்பட்ட காப்புநிரல்கள் அதனைத் தீநிரலென்றன. எங்கிருந்து வந்தது? வரைகலை மென்பொருளின் பூட்டுடைத்த படியொன்றை யாரோ விரற்கோலில் கொடுத்திருந்தார். விலையில்லாப் பொருளின் விலை அது. வரைந்த சீட்டுகளை மட்டும் வெளிவட்டிற் படியெடுத்துக்கொண்டு, கணினியை அடியோடு துடைத்துப் புதிதாய் நிறுவினோம். ஓர் இரவும் ஒரு பகலும் போயின, ஆடிப்பெருக்கு தப்பியது. அச்சகத்தார்க்கு இன்னொன்றும் சொன்னேன்: எழுத்துருக் கோப்பையும் கண்ட தளத்திலிருந்து இறக்காதீர். 2011-இல் 'டுக்கு' என்னும் தீநிரல் ஓர் எழுத்துரு வழியாகவே விண்டோசின் கருவறைக்குள் நுழைந்தது.

இனி நம் குறை. விண்டோசு 2000 பதிப்பிலேயே தமிழெழுத்துக்கு இடங்கிடைத்துவிட்டது. பட்டிகளைத் தமிழிற் காட்டும் வசதியும் பின்னர் வந்தது. ஆயின் இடர் நேரும்போது கணினியைப் பற்றிப் படிக்க வேண்டிய பக்கங்கள் ஆங்கிலத்தில். செர்ட்-இன் விடுக்கும் அறிவுரைகள் ஆங்கிலத்தில். தீ பிடித்தால் மட்டும் பிறமொழியிற் கூவ வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு. அரசைக் குறைகூறுமுன் நம்மையும் சொல்ல வேண்டும். 1974-இல் பாவாணர் தலைமையில் தொடங்கிய அகரமுதலித் திட்டம் இன்று சொற்குவையாய் இணையத்தில் விரிந்திருக்கிறது, பெருமைதான். நாமோ நச்சுநிரலா, தீநிரலா, கெடுநிரலா என்று மூன்று கூட்டங்களில் வழக்காடினோம். அது வந்தால் என்ன செய்வதென்று தமிழிற் பத்துப் பக்கம் எழுதினோமா? நானும் எழுதவில்லை, வழக்காடியவருள் நானும் ஒருவன்.

நாட்டின் பெயர் நாட்டோடு பொருந்த வேண்டுமென்று 1956 சூலை 27-இல் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கி, அக்டோபர் 13-இல் உயிரீந்தார் ஈகி சங்கரலிங்கனார். அந்த மண்ணின் பள்ளிப் பிள்ளைக்கு, பெயரும் பொருளும் பொருந்துகின்றனவா என்று கணினியில் ஆய்ந்து பார்க்கும் பாடம் தமிழில் இல்லாமை எனக்கு உறுத்துகிறது. விண்டோசு 10-க்கான பொதுக் காப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. பழைய கணினிகள் நிறைந்த பள்ளிகளிலும் அச்சகங்களிலும் இவ்வாய்வு முன்னிலும் தேவைப்படும். தமிழ் இணையக் கல்விக்கழகம் செர்ட்-இன் அறிவுரைகளை வந்த நாளிலேயே தமிழில் வெளியிட வேண்டும். பள்ளிக் கல்வித்துறை, உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் இந்நான்கு ஆய்வுகளையும் ஒன்பதாம் வகுப்பிலேயே செய்து பார்க்க வைக்க வேண்டும். இவற்றைக் கேட்டுக் கிளைதோறும் மடல் விடுக்குமாறு தோழர்களை வேண்டுகிறேன்.

சென்ற கிழமை அந்த அச்சகத்திற்கு மீண்டும் சென்றிருந்தேன். சீட்டு வெட்டியதில் எஞ்சிய பளபளத் தாளில், நான் சொன்ன நான்கையும் தம்பி தமிழில் அச்சிட்டுக் கணினிகளுக்கு மேலே ஒட்டியிருந்தார். தலைப்பு 'லேபிளை நம்பாதே'. மேற்சீட்டு என்று திருத்தலாமே என்றேன். "இங்கே எவருக்கும் புரியாது ஐயா" என்றார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்து அச்சகத்து அண்ணன் அதில் ஆறு படி கேட்டு வாங்கிப் போயிருக்கிறாராம்.